மழை பெய்யும்போது கொட்டாய்க்குள் போய் நின்று பாருங்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து:

மாட்டுக் கொட்டாயோ சாமான் போடுகிற தகர ஷெட்டோ, கட்டின பிறகு அதைக் காப்பாற்ற நீங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுங்கள். நானே முதலில் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கொட்டாய் 2014-ல் போட்டது, 30-க்கு 20. ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) கால், மேலேயும் சுற்றிலும் கலர் ஷீட். பாதியில் நாலு மாடு, மீதியில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை, தவிடு, உரம், மோட்டார் சாமான். "இருபது வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்று போட்டவர் சொன்னதை நம்பி நாங்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தது. கடற்கரையைத் தாண்டி நம்ம பக்கம் வருவதற்குள் அதன் வேகம் குறைந்துவிட்டது, அப்படியும் மேற்கு ஓரத்தில் ரெண்டு ஷீட் எழும்பி ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்தது. மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்பவும் வயிற்றைப் பிசைகிறது. விடிந்ததும் ஏணி வைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ நிறைய அதனதன் இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் ரப்பர் வாஷர் பொரி மாதிரி கையில் நொறுங்குகிறது. ஓட்டைகள் நீளவாக்கில் இழுபட்டுப் பெரிதாகியிருந்தன.

மனைவியின் பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாயங்காலம் டக் டக்னு சத்தம் கேக்குதா மாப்ளே?" என்றார். தினமும் கேட்கிற சத்தம்தான், நாங்கள்தான் பொருட்படுத்தவில்லை. கத்திரி வெயிலில் 20 அடி ஷீட் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், பொழுது சாய்ந்தால் சுருங்கும், அந்த இழுபறியைத் தாங்குவது ஸ்க்ரூவும் வாஷரும்தான் என்று விளக்கினார். சரி, எங்கெங்கே ஒழுகுகிறது என்று மேலே ஏறிப் பார்க்கலாம் என்றேன், வேண்டாம், மழை வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மழைக்குச் சொன்னபடி வந்தார். கையில் ஒரு சாக்பீஸ். சொட்டு விழுகிற இடத்தை அவர் பார்க்கவே இல்லை. சொட்டுக்கு மேலே உள்ள குறுக்குப் பைப்பில் விரலை வைத்து, ஈரம் எங்கிருந்து ஓடி வருகிறது என்று தடவிக்கொண்டே போய், அது ஆரம்பிக்கிற இடத்தில் கோடு போட்டார். மூட்டை மேல் சொட்டின தண்ணீர் ஆறடி தள்ளி ஒரு ஸ்க்ரூவில் இறங்கி, பைப் அடியிலேயே ஓடி வந்திருக்கிறது! வெயில் நாளில் அவர் செய்யச் சொன்னது இன்னொன்று. உச்சி நேரத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உள்ளே நின்றால் தரையில் காசு காசாக வெளிச்சம் விழும், எண்ணிக்கொள்ளலாம். எங்களுக்குப் பதினேழு விழுந்தது.

பாதி ஸ்க்ரூவை ஷீட்டின் பள்ளத்தில் அடித்திருந்தார்கள். தண்ணீர் ஓடுவதே பள்ளத்தில்தானே, அங்கே ஓட்டை போட்டால் என்னாகும்? பழைய ஓட்டைகளை சீலன்ட் வைத்து அடைத்து, மேட்டில் புது வாஷரோடு அடித்தோம். வாஷர் லேசாகப் பிதுங்கும் வரைதான் முறுக்க வேண்டும், அதற்கு மேல் முறுக்கினால் அன்றைக்கே கிழிந்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சுத்தியால் கால்களைத் தட்டச் சொன்னார். இடுப்பு உயரத்தில் ணங் என்று கேட்டது, தரையை ஒட்டித் தட்டினால் பொத்தென்று கேட்டது. மாட்டு மூத்திரம் தேங்கி ரெண்டு கால் அடியில் தோலாகிப் போயிருந்தது. வெளியில் பெயிண்ட் நன்றாகவே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த ரெண்டு காலிலும் ஒன்றரை அடி வெட்டி, புது பைப் வைத்து வெல்டிங் செய்தோம், வெல்டிங்கில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறதால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு பிரைமரும் பெயிண்டும் அடித்தோம். எல்லாக் காலைச் சுற்றியும் தரையிலிருந்து அரை அடி உயரத்துக்கு சிமென்ட் கட்டி, தண்ணீர் நிற்காதபடி மேல்பக்கம் சரித்துவிட்டோம். தரைக்கும் 10 அடிக்கு 3 அங்குலம் சாய்வு கொடுத்து வாய்க்கால் எடுத்தாச்சு. இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து:

அண்ணா, எங்களுடையது கீற்றுக் கொட்டாய்தான், தேங்காய் போட்டு வைப்போம். கீற்று ரெண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது மட்டைக் குவியலைப் பற்றி. சுவரோரமாக உரிமட்டையைக் குவித்து வைத்திருந்தோம். போன வருஷம் அம்மா விளக்கு இல்லாமல் மட்டை எடுக்கப் போனபோது குக்கர் சத்தம் மாதிரி சீறல் கேட்டிருக்கிறது. கண்ணாடி விரியன். அம்மா அப்படியே பின்னாலேயே வந்துவிட்டதால் தப்பித்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினோம், வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது, எலி தீனியைத் தேடி வருகிறது. இப்போது எந்தச் சாமானும் சுவரை ஒட்டி இல்லை, ஒரு அடி தள்ளித்தான். மூட்டை எல்லாம் மரக்கட்டை மேல். ராத்திரி அந்தப் பக்கம் யார் போனாலும் கையில் டார்ச். அண்ணா, உர மூட்டையையும் ஷீட்டில் சாய்த்து வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்துக் கசியும், பட்ட இடமெல்லாம் துரு ஏறும்.

வாலாஜாவிலிருந்து:

எங்கள் வீட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். குரங்குகள் குதித்துக் குதித்து ரெண்டு இடத்தில் விரிசல். மாமனார் தார் பூச ஏறினவர் ஷீட் நடுவில் கால் வைத்துவிட்டார், கால் உள்ளே போய்விட்டது. கீழே கூரையைத் தாங்குகிற கைமரம் கையில் மாட்டினதால் உயிர் பிழைத்தார், தொடையில் மட்டும் பெரிய கீறல். தயவுசெய்து யாரும் அந்த ஷீட்டில் நேராகக் கால் வைக்காதீர்கள். ரெண்டு கைமரத்துக்குக் குறுக்கே நல்ல பலகை போட்டு, பலகை மேல்தான் நடக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, காய்ந்த ஷீட்டில் துளை போடுவது எதுவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. உடைந்த துண்டைக்கூடத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் எடுத்தோம், குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு. இந்த வருஷம் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து:

அக்கா, மாமாவுக்கு இப்போது பரவாயில்லையா? மாற்றும்போது புது ஷீட்டை ஈர சிமென்ட்டில் நேராகப் புதைக்க விடாதீர்கள், துத்தநாகப் பூச்சை அது அரித்துவிடும், எங்கள் தெற்குச் சுவரோரம் அப்படித்தான் போனது. தம்பி, உர மூட்டை இன்றைக்கு வரைக்கும் ஷீட்டில்தான் சாய்ந்திருந்தது. உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் போய் நகர்த்திப் பார்த்தேன், மூட்டை இருந்த உயரத்துக்குப் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. சுரண்டிப் பார்த்ததில் ஓட்டை விழவில்லை. பிரைமர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நாளைக்கு அடிக்கிறேன்.