புதுப்பிப்பு: துருப்பிடித்த சேசிஸ் மாடல் ஏ வண்டியுடையதே
துருவேறிக் கிடைத்த சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) ஃபோர்டு மாடல் டி வண்டியுடையதா, மாடல் ஏ வண்டியுடையதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டிலும் முன்னும் பின்னும் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங்தான் (எஃகுத் தகடுகளை அடுக்கிய வில்) இருக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்து நான் குழம்பியிருந்தேன். முன், பின் சக்கர அச்சுகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தபோது 103.5 அங்குலம் வந்தது. மாடல் டி-க்கு 100 அங்குலமே என்பதால் ஐயம் தீர்ந்தது. உடன் கிடந்த கியர்பாக்ஸும் மூன்று கியர் கொண்ட வழக்கமான அமைப்பாக இருப்பது மாடல் ஏ-க்குப் பொருந்துகிறது.

19 அங்குலச் சக்கரங்கள் 1930–31 ஆண்டுகளைக் காட்டுகின்றன (1928–29 வண்டிகளுக்கு 21 அங்குலம்). ஆயினும் சக்கரங்கள் எளிதில் மாற்றப்படுபவை. அவற்றை மட்டும் நம்பி ஆண்டை முடிவுசெய்ய எனக்கு மனமில்லை. ஆண்டை அறிய உதவும், எஞ்சினில் பொறித்த எண்ணே சேசிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்திலும், பாடி மறைக்கும் இடத்தில், பொறிக்கப்பட்டிருக்கும். அதை கிரைண்டரால் தேய்த்தால் ஆழமற்ற எழுத்துகள் அழிந்துவிடும் என்று அஞ்சி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்மையாகத் துலக்கிவருகிறேன்; இதுவரை முதலிலுள்ள நட்சத்திரக் குறியும் ‘ஏ’ எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன.