மசாதாவில் தண்ணீர் தீர்ந்த காலை

இஸ்ரேலில் சாக்கடல் பக்கம் பாலைவன மலையுச்சியில் இருக்கும் பழைய கோட்டை மசாதா. அங்கே போனதைப் பற்றி எனக்கு முன் இங்கே எழுதியவர்கள் கேபிள் காரில் போயிருக்கிறீர்கள். நானும் மச்சானும் நடந்தே ஏறினோம். புனிதப் பயணக் குழுவில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, விடியுமுன் வளைந்து வளைந்து மலையேறும் பாம்புப் பாதையில் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். பாதி மலையிலேயே இரண்டும் காலி. மோவாப் மலைகளுக்குப் பின்னால் சூரியன் எழுந்து சாக்கடல் செம்பாக மின்னியது. அதை ரசிக்க நாக்கில் ஈரம் இருந்தால்தானே!

மேலே குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, பயப்படாதீர்கள். வயிறு முட்டக் குடித்த பிறகு மச்சான் கேட்டார்: "சரி, ஏரோது என்ன குடிச்சிருப்பான்?"

இங்கே அரண்மனை கட்டியது பைபிளில் வரும் அதே ஏரோது ராஜாதான். வடக்கு முனையில் செங்குத்துப் பாறையைத் தொற்றிக்கொண்டு மூன்றடுக்கு அரண்மனை, மேலே வெந்நீர்க் குளியலறை, நீச்சல் குளம். பாலைவனத்தில் நீச்சல் குளம்!

பதில் தெற்குப் பக்கம் தரைக்கடியில் இருந்தது. படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. கீழே கல்யாண மண்டபம் போலப் பாறையைக் குடைந்த தொட்டி. சுவரில் சாந்துப் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. அங்கே மழை அபூர்வம், பெய்தால் மேற்கே ஓடைகளில் வெள்ளம் பாயும். அதை மறித்து, வாய்க்கால் வெட்டி, மலைச்சரிவில் குடைந்த 12 தொட்டிகளில் நிரப்பியிருக்கிறார்கள். கொள்ளளவு சுமார் 4 கோடி லிட்டர். அங்கிருந்து உச்சிக்குச் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். ராஜா நீந்த எத்தனை பேர் முதுகு ஒடிந்ததோ! பின்னால் குழுவோடு வந்த வழிகாட்டி அரண்மனையைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்.

கி.பி. 66-இல் ரோம ஆட்சியை எதிர்த்த யூதக் கலகக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். எருசலேம் ரோமர்களிடம் விழுந்த பிறகு ரோமத் தளபதி சில்வா பத்தாவது படைப்பிரிவோடு வந்து வளைத்துக்கொண்டார். அவர்களுடைய எட்டு முகாம்களின் சதுரக் கோடுகள் மேலிருந்து இன்றும் தெரிகின்றன. மேற்கே சாய்தளம் எழுப்பி, 73 அல்லது 74-இல் மதிலை உடைத்து நுழைந்தால் உள்ளே 960 பிணங்கள். பிடிபடாமலிருக்கத் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். அகழாய்வில் அத்தனை எலும்புகள் கிடைக்கவில்லை, அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அவர் சொல்லும் ஒரு விவரம் எனக்கு மறக்கவில்லை: தப்பிய இரண்டு பெண்களும் ஐந்து பிள்ளைகளும் ஒளிந்திருந்தது நிலத்தடித் தண்ணீர்க் கால்வாயில்.

அப்புறம் ஒன்று: ஆர்வத்தில் சாய்தளம் வழியாக இறங்கிவிடாதீர்கள். அது அராத் ஊர்ப் பக்கம். உங்கள் பஸ் சாக்கடல் பக்கம் நிற்கும், இரண்டுக்கும் நேர்ச்சாலை கிடையாது.