ஜூன் பாதிக்கு மேல் என் வகுப்பு ஏன் காலியாகிறது?

ஏழாம் வகுப்பு டீச்சர், ராயபுரம்:

வணக்கம். சென்னை ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. கணக்கு எடுக்கிறேன். மொத்தம் 34 பேர், பாதிக்கு மேல் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பிள்ளைகள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுகிறார்கள். 15-ஆம் தேதி தாண்டியதும் பெஞ்சுகள் காலியாகின்றன. ஒரே பிள்ளை தொடர்ந்து வராமல் இருப்பதில்லை. இன்று இவன், நாளை அவள். மூன்று வருடமாகப் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கிளம்புவதும் என் வகுப்பு காலியாவதும் ஒரே சமயம் என்பதால், பையன்களை ஹார்பரில் வேலைக்கு இழுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெண் பிள்ளைகளும்தானே வருவதில்லை?

பிள்ளைகளைக் கேட்டால், "மாசத்துக்கு ரெண்டு நாள்தானே டீச்சர்" என்கிறார்கள். ஆறு முதல் எட்டு வரை வருடத்துக்கு 220 வேலை நாள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். மாதம் இரண்டு என்றால் வருடத்தில் இருபது நாள், ஏறக்குறைய ஒரு மாதப் பாடம். கணக்கில் இது இன்னும் கொடுமை. முதல் பருவத்தில் முழுக்கள் வருகிறது. மைனஸ் எண்ணிலிருந்து மைனஸ் எண்ணைக் கழிக்கச் சொல்லிக்கொடுத்த அன்று வராத பிள்ளை, மறுநாள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கடுத்த நாள், நோட்டைக் கேட்பேனே என்று பயந்து வராது.

ஆப்பில் தினமும் வருகையைப் பதிகிறேன். இரண்டு நாள் வராத பிள்ளையிடம் "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்கிறேன். யாரும் வருவதில்லை. பெற்றோருக்கு இதில் அக்கறை வர என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டு அம்மா:

டீச்சர் வணக்கம். நான் மீன் விக்கிறவ. எம்பொண்ணு இதைப் படிச்சுக் காட்டுச்சு, நான் சொல்லச் சொல்ல அதுவே அடிக்குது.

அக்கறை இல்லன்னு சொல்லாதீங்க டீச்சர். வேலைக்கும் இட்டுக்கினு போகல. தடை நாள்ல எங்க வூட்டுக்காரரு வூட்லதான் இருப்பாரு, வலையைத் தெச்சுக்கினு. நானும் இருப்பேன். புள்ளைங்களை எழுப்பி, தலை சீவி அனுப்ப ரெண்டு பேர் இருக்கோம். தடை முடிஞ்சா அவரு தங்கு கடலுக்குப் போயிடுவாரு, திரும்பி வர எட்டு நாளும் ஆவும், பத்து நாளும் ஆவும். நான் ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து ஏலத்துக்கு ஓடணும். அப்ப போனாதான் சங்கரா மீனு, கவலை மீனு எல்லாம் கட்டுப்படியாவுற வெலைக்குக் கெடைக்கும். ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோல கூடையை ஏத்திக்கினு போயி மார்க்கெட்ல குந்துறப்போ விடிஞ்சுடும். வூட்ல இருக்கறது ஏழாவது படிக்கிற பொண்ணும் மூணு வயசுப் பையனும்தான். அலாரம் வெச்சுட்டுதான் போறேன். அது எழுந்து, தம்பிக்கு மூஞ்சி கழுவி, இருக்கறதை ஊட்டி, அங்கன்வாடில விட்டுட்டு ஓடினா ஒம்போதே கால் ஆயிடுது.

எம்பொண்ணு ஸ்கூல்ல பிரேயர் ஆரம்பிச்சா கேட்டை மூடிடுவாங்க. லேட்டா வந்த புள்ளைங்களை வெயில்ல நிக்க வெப்பாங்க. அதுக்குப் பயந்துக்கினு அது மார்க்கெட்டுக்கு வந்து எம்பக்கத்துல குந்திக்கும். கால் மணி லேட்டு, ஒரு நாள் லீவா ஆயிடுது. மறுநாள் போனா "அம்மாவைக் கூட்டிட்டு வா". ஒம்போது மணிக்கு நான் எப்படி வருவேன்? அப்பதான் யாவாரம் சூடு புடிக்கும். மீனை யாராண்ட வுட்டுட்டு வர்றது? நான் போகாம அதைக் கிளாசுக்குள்ள சேக்க மாட்டாங்க. அப்பிடியே மூணு நாள் போயிடும்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வூட்லதான் இருப்பேன். தூங்கிக்கினு இருந்தாலும் எழுப்புங்க. எத்தினி மணிக்கு உங்களால வர முடியும்னு எந்த டீச்சரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்ல.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வியாசர்பாடி:

டீச்சர், அந்த அம்மா சொன்னதில் பாதிக்கு மேல் பதில் வந்துவிட்டது.

நானும் பல வருடம் கேட்டை மூடச் சொன்னவன். ஒழுங்கு வரும் என்று மனதார நம்பினேன். ஒரு நாள் அவசரமாக வெளியே போகக் கேட்டைத் திறந்தால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒரு பெண்ணின் இடுப்பில் தங்கைப் பாப்பா. "வீட்ல யாரும் இல்ல சார், இவளையும் உள்ள உக்கார வெச்சுக்கவா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து வாசலில் ஒரு நோட்டு வைத்தேன். தாமதமாக வருபவர் பெயர், நேரம், காரணம் எழுதிவிட்டு நேராக வகுப்புக்குப் போகலாம். ஒரு மாதம் கழித்துப் படித்தால் திரும்பத் திரும்ப அதே ஆறேழு பெயர், அதே காரணம். அந்த ஆறேழு வீட்டுக்குப் போய் வந்தால் போதுமாக இருந்தது.

வெயிலில் நிறுத்துவதை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்துப் பிள்ளையின் வருகை பற்றிச் சொல்வதை 24-வது பிரிவு ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. கடமை நம்முடையது என்றால், அவர்களுக்குத் தோதான நேரம் பார்ப்பதும் நம் வேலைதான்.

போன் செய்வதானால் முதல் பீரியடு முடிந்ததும் செய்யுங்கள். "ஏன் அனுப்பலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வராதது பல அம்மாக்களுக்கு அந்தப் போனில்தான் தெரியவரும்.

சாப்பிட்டார்களா என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வந்தது. தம்பி பள்ளியில் பொங்கல் சாப்பிடுவான், ஏழாவது படிக்கும் அக்கா வெறும் வயிற்றோடு வருவாள். தலை சுற்றும் என்று பயந்தே வராத பிள்ளைகள் உண்டு.

கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை:

டீச்சர், நான் எட்டாவது படிக்கும்போது மாசாமாசம் மூணு நாள் லீவு போட்டேன். வயித்து வலின்னு லெட்டர் எழுதுவேன். உண்மையில பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல, உள்ள பக்கெட்டும் இல்ல. யாருமே கேக்கல, நானும் சொல்லல. பொண்ணுங்க எந்தத் தேதியில வரலன்னு ரிஜிஸ்டரை ஒரு தடவை பாருங்க.

ஏழாம் வகுப்பு டீச்சர், ராயபுரம்:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்துத்தான் எழுத முடிந்தது.

அக்கா, உங்கள் பதிலைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை பிள்ளைகளிடம் "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் அம்மா அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இனி என் வாயிலிருந்து அது வராது.

ரிஜிஸ்டரைத் தேதி வாரியாகப் பார்த்தேன். பெண் பிள்ளைகளில் ஐந்து பேர் மாதாமாதம் ஏறக்குறைய அதே தேதிகளில் வரவில்லை. தங்கையே, எங்கள் கழிவறையிலும் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டாயிற்று. பக்கெட்டும் மக்கும் வைத்திருக்கிறோம்.

கேட் விஷயத்தைத் தலைமை ஆசிரியையிடம் பேசினேன். எல்லோருக்கும் திறந்துவிட்டால் எல்லோருமே தாமதமாக வருவார்கள் என்று தயங்கினார்கள். ஏழாம் வகுப்புக்கு மட்டும் ஒரு மாதம் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐயா சொன்ன மாதிரி நோட்டு வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு பெயர். அதில் ஏழு பேர் எழுதியிருக்கும் காரணம், "தம்பியை விட்டுட்டு வந்தேன்", "பாப்பாவை விட்டுட்டு வந்தேன்". கடைசி பீரியடில் அந்த ஏழு பேரையும் உட்கார வைத்து முழுக்கள் கழித்தலை மறுபடி எடுத்தேன்.

அக்கா, புதன்கிழமை பள்ளி விட்டதும் அந்த ஏழு பேரின் அம்மாக்களைப் பார்க்கக் காசிமேட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். நாலரை மணிக்கு மேல் ஆகும். அந்த நேரம் அவர்களுக்குச் சரிப்படுமா, இல்லை மறுபடியும் தூங்கப் போய்விடுவார்களா?

காசிமேட்டு அம்மா:

நாலரை சரி டீச்சர். ஏழு மணிக்குத்தான் படுப்போம். ஏழு வூடும் நீங்க அலைய வேணாம், எங்க வூட்டு வாசலுக்கே எல்லாரையும் வரச் சொல்றேன்.