பழைய சிறு டிராக்டரின் எண்ணெய் மூடியில் எழும் காற்றுக்குக் கலைச்சொல் வேண்டும்

பெங்களூரு மத்திகெரேயிலிருந்து, தொடக்க மடல்

நம் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ரோசாவும் காய்கறியும் பயிரிடும் சிறு உழவர்களுக்காக, பழைய சிறு டிராக்டரை வாங்குமுன் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் நான்கு பக்கக் கையேடு ஒன்றைக் கன்னடத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். பெரும்பாலான சொற்கள் தொல்லை தரவில்லை. முன் அச்சிலும் ஸ்டியரிங்கிலும் உள்ள தளர்ச்சிக்குப் பட்டறைகளில் வழங்கும் ‘ஆட்டம்’ என்ற சொல்லே போதுமானது. தூக்கி நிறுத்திய கலப்பை, எஞ்சினை அணைத்த பிறகு தானே தாழ்ந்தால் ஹைட்ராலிக்கில் பழுது என்பதை ஒரு வாக்கியமாகவே எழுதிவிட்டேன்.

ஓரிடத்தில்தான் நின்றுவிட்டேன். எரியறையில் எழும் அழுத்தம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கி, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வெளியே தள்ளுகிறதே, அதைக் கன்னட மூலம் ‘புளோ பை’ என்று அப்படியே ஒலிபெயர்த்திருக்கிறது. என் தந்தையார் சென்ற ஆண்டு வாங்கிய வண்டியில் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டார். நான்கே மாதத்தில் எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தது. ஆகவே இந்த வரி படிப்பவர் மனத்தில் தங்க வேண்டும் என்று விரும்புகிறேன். சனிக்கிழமை மாலைக்குள் சொல் தந்து உதவுங்கள்.

ராஜாஜிநகரிலிருந்து

அன்புடையீர், ‘கசிவளி’ என்று வையுங்கள். கசிந்த வளி, கசிகின்ற வளி, கசியும் வளி என முக்காலத்துக்கும் நிற்கும் வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது, நான்கே எழுத்து. எஞ்சினுக்குள் எழும் காற்றுக்கு ‘வளி’யைவிடப் பொருத்தமான சொல் இல்லை. உடலுக்குள் எழுந்து ஒலியாகும் காற்றைத் தொல்காப்பியர் ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று பிறப்பியலில் தொடங்குகிறார். அதே இயலின் முடிவில் ‘அகத்தெழு வளியிசை’ என்று உள்ளே எழுவதையும், புறத்தே இசைப்பதையும் வேறு பிரிக்கிறார். நீங்கள் கேட்கும் காற்றும் அகத்தெழுந்து புறத்தே வருவதுதானே. தலைப்பில் ‘டிராக்டர்’ என்று கிடப்பதுதான் எனக்கு வருத்தம். ‘உழுவை’ என்னும் அழகிய சொல் ஏன் கைவிடப்பட்டது?

பீன்யாவிலிருந்து

ஐயா, ‘உழுவை’ பழந்தமிழில் புலியைக் குறிக்கும். கடற்கரையில் அது ஒரு மீனின் பெயர். இலங்கையில் வழங்கும் ‘உழவு இயந்திரம்’ எனக்கு உடன்பாடே. ஆனால் தளிச் சந்தையில் விலை பேசப் போகிறவர் டிராக்டர் என்றுதான் சொல்வார். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

‘கசிவளி’யில் எனக்குள்ள தயக்கம் வேறு. இதே கையேட்டின் இன்னொரு பக்கத்தில் ‘எண்ணெய்க் கசிவு’ வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் கோளாறுகள்: கிராங்க் அறையில் காற்று மிகுந்து, அதை வெளியேற்றும் மூச்சுக்குழாயும் அடைத்துக்கொண்டால், அந்த அழுத்தம் எண்ணெயை அடைத்து நிறுத்தும் சீல்களின் ஓரமாக எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளும். இரண்டையும் ‘கசி’ என்னும் ஒரே வேரில் சொன்னால், வாங்குபவர் ஒரு சீலை மாற்றினால் போதும் என்று எண்ணிவிடுவார். உண்மையில் அவருடைய எஞ்சினே தேய்ந்திருக்கும். மேலும், கசிவது மெல்ல நிகழ்வது. இதுவோ எரியறையின் அழுத்தம் தள்ள, வெடிப்புக்கு வெடிப்பு பாய்ந்து வருவது. ‘தாண்டுவளி’ என்பது என் முன்மொழிவு.

அல்சூரிலிருந்து

செய்தித்தாள்களில் எரிவாயுக் கசிவு என்று நாள்தோறும் படிக்கிறோம். கசிவு நீர்மத்துக்கு மட்டும் உரியதன்று. எது எங்கே கசிகிறது என்பது தெரிந்தால் குழப்பம் வராது. எனவே ‘வளையக்கசிவு’ என்றால் தெளிவாக இருக்கும்.

பீன்யாவிலிருந்து

அது காரணத்தைப் பெயரிலேயே முடிவு செய்துவிடுகிறது. வளையம் நன்றாக இருந்து, பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவரான லைனர் தேய்ந்திருந்தாலும், பிஸ்டன் விரிசல் விட்டிருந்தாலும் மூடியில் அதே காற்றுதான் வரும். பிரித்துப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. விற்பவர் வாசலில் யாரும் எஞ்சினைப் பிரிக்கப் போவதும் இல்லை.

கிருஷ்ணராஜபுரத்திலிருந்து

நான் வேளாண் கருவிகளின் உதிரிபாகக் கடை நடத்துபவன். பட்டறையில் இதற்குப் பெயர் ‘பேக் கம்ப்ரஷன்’. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எதில் பேசுபவரானாலும் மெக்கானிக்கிடம் இப்படித்தான் சொல்கிறார்கள். நடந்தபடி ஓட்டும் உழவுக் கருவியான பவர் டில்லரைச் செய்யும் வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் இதே பெங்களூருவில் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் உழவர்கள் ‘பவர் டில்லர்’ என்றே சொல்கிறார்கள், அதனால் அவர்கள் உழவு கெட்டுவிடவில்லை. நல்ல தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெக்கானிக்குக்குப் புரியாத சொல்லை வைத்துக்கொண்டு ஓர் ஏழை உழவர் விற்பவர் முன் தனியாக நிற்கக் கூடாது என்பதே என் கவலை.

சோதிக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். போனவுடன் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது தடுமாறிக் கிளம்புவதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். பிறகு நன்றாகச் சூடேறிய நிலையில் மூடியைத் திறந்து, அதே வாயின் மேல் தலைகீழாக வைக்க வேண்டும். துள்ளி விழுந்தால் விலையைப் பற்றி அடுத்த பேச்சே வேண்டாம். தடித்த எண்ணெயை ஊற்றிப் புகையைக் குறைத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

மத்திகெரேயிலிருந்து

பெரியவர்களே, ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் அந்த மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தந்தையாரிடம் சொன்னது, ‘எஞ்சின் மூச்சு வாங்குதுங்க’ என்பதுதான். தந்தையாருக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது.

ராஜாஜிநகரிலிருந்து

‘மூச்சு’ நல்ல சொல்லே. ஆயினும் அதைவிட ஆழமானது ‘உயிர்ப்பு’. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், பெருமூச்சு நெட்டுயிர்ப்பு. நம்மைச் சுற்றிலும் கன்னடத்தார் மூச்சை இன்றும் ‘உசிரு’ என்கிறார்கள். நம் பேச்சில் ‘உசுரு’ உயிரைக் குறிக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி இவற்றை ஒரே வேரின்கீழ் வைக்கிறது. ஓசூர் எல்லையில் இரு மொழியாரும் உணரும் ஒரு சொல் நம்மிடமே இருக்கும்போது அதை விடலாமா?

பீன்யாவிலிருந்து

ஐயா, ‘எஞ்சினில் உயிர்ப்பு இருக்கிறது’ என்று அச்சிட்டால், வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருள்கொண்டு வாங்கிவிடுவார்கள்.

மத்திகெரேயிலிருந்து, சனி இரவு

தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து எழுவர் கருத்துத் தந்தீர்கள். நால்வர் ‘மூச்சு’ என்கிறார்கள், இருவர் ‘கசிவளி’, ஒருவர் ‘பேக் கம்ப்ரஷன்’. கையேட்டில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘சூடேறிய எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து, எஞ்சின் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இதைப் பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்.’ ‘தாண்டுவளி’யையும் ‘கசிவளி’யையும் நம் சொற்பட்டியலில் வினாக்குறியோடு சேர்த்துள்ளேன்.

ராஜாஜிநகரிலிருந்து

உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். நல்ல எஞ்சினிலும் மெல்லிய ஆவி வரும் என்று பீன்யா நண்பரே தனி மடலில் ஒப்புக்கொண்டார். அப்படியானால் மூச்சு குற்றமன்று, மூச்சின் மிகுதிதான் குற்றம். ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வள்ளுவர் சொன்னதும் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ பற்றியே. குறைந்தது ‘மிகுமூச்சு’ என்றாவது திருத்துங்கள்.

பீன்யாவிலிருந்து

மிகுதி என்பது சரிதான், ஐயா. ஆனால் மூடி துள்ளும் அளவா, புகை தெரியும் அளவா என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்குள் ‘தாண்டுவளி’யை மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.