காப்பீடு மறுத்த பிறகு ஆபரேஷனுக்குப் பணம் கட்டியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோட்டிலிருந்து:

2024 செப்டம்பரில் என் கணவருக்கு பைபாஸ் ஆனது. ராத்திரி பதினொன்றரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை கோவைக்குக் கூட்டிப் போனோம். ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. இரண்டாம் நாள் மத்தியானம் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, "மேடம், கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றாள். அதாவது, ஆஸ்பத்திரி பில்லைக் கம்பெனி நேராகக் கட்டாது. 2019 ஜனவரியில் எடுத்த ஐந்து லட்ச ரூபாய் பாலிசி. ஒரு வருஷம்கூட விடாமல் கட்டி வந்தோம். பாலிசி எடுக்கும்போதே இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

மறைக்க அப்போது எதுவுமே இல்லை. அவருக்கு பிரஷர் இருப்பது 2021 ஜூலையில்தான் தெரிந்தது. பிறகு எப்படி வந்தது இது? அந்த ராத்திரி அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு?" என் கணவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள், என் கண் அங்கே இருக்கிறது. "அஞ்சாறு வருஷமா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஆறு வருஷம் என்று எழுதினார். அந்த ஆறு, நோயைப் பாலிசிக்கு நாலு மாதம் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பணம் கட்ட ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. ஊருக்கு வந்து பீரோவைத் திறந்தேன். என் ஆரமும் நாலு வளையலும் சேர்த்து எட்டு பவுன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். வங்கியில் மதிப்பீட்டாளர் ஆரத்தை உரைகல்லில் தேய்த்தார், தராசில் வைத்தார், பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுல கல்லும் அரக்கும் இருக்குங்க, கழிக்கணும்" என்று ஏழு பவுனுக்கு எழுதினார். 2,65,000 ரூபாய் வந்தது. நடப்பில் இருந்த ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டை 22,000 தள்ளி எடுத்தேன், 78,000 கைக்கு வந்தது. மீதி ஐம்பதாயிரம் என் கொழுந்தனார் கொடுத்தார். எதற்கு, எப்போது திருப்புவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி பில் 3,86,400.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அப்படியே விட்டிருப்பேன். பள்ளியில் என்னோடு வேலை செய்யும் வணிகவியல் ஆசிரியர்தான் விடவில்லை. கேஷ்லெஸ் மறுத்தார்கள் என்றால் அங்கேயே பணம் தரமாட்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தம், பில்களை வைத்துத் திரும்பக் கேட்கும் உரிமை அப்படியேதான் இருக்கிறது என்றார். இது எனக்குத் தெரியாது. நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். அவர் காட்டிய இன்னொரு விஷயம்: 2024 ஏப்ரல் முதல், இடைவெளி இல்லாமல் 60 மாதம் கட்டிய பாலிசியில் 'நோயைச் சொல்லவில்லை' என்ற காரணத்தை வைத்து மறுக்க முடியாது. மோசடி என்று அவர்கள் நிரூபித்தால்தான் உண்டு. முன்பு அது எட்டு வருஷமாக இருந்ததாம். எங்கள் பாலிசிக்கு 68 மாதம் ஆகியிருந்தது!

அக்டோபரில் பில்கள் மொத்தத்தையும் கம்பெனிக்கு அனுப்பினேன். நவம்பரில் மறுத்துக் கடிதம் வந்தது, அதே காரணம். ஆஸ்பத்திரியில் போய், கேஸ் ஷீட்டில் இருப்பதைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டேன். திருத்த மாட்டார்கள், அது சரியும்கூட. ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டர், 'நோயின் காலம் உடன் வந்தவர் வாய்மொழியாகச் சொன்னது, அதற்கு மருத்துவப் பதிவு எதுவும் இல்லை' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் குடும்ப டாக்டரின் 2021 ஓபி சீட்டு ரேஷன் கார்டு கவருக்குள் மடித்துக் கிடந்தது. இரண்டையும் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். ஜனவரியில் அங்கிருந்தும் இல்லை என்றார்கள்.

அப்புறம்தான் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஓம்பட்ஸ்மேன் என்பார்கள், நமக்கு சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவும் கூடாது, நாமேதான் பேச வேண்டும். ஜூனில் வீடியோவில் விசாரணை நடந்தது. கம்பெனிக்காரர் அந்த ஆறு வருஷத்தைப் படித்தார். "பாலிசிக்கு முந்தைய மருந்துச் சீட்டு ஏதாவது உங்களிடம் உண்டா?" என்று அவரைக் கேட்டார்கள். இல்லை என்றார். கையுறை, பஞ்சு மாதிரி செலவுகள் கழிந்து 3,58,000 ரூபாய் ஆகஸ்டில் கணக்குக்கு வந்தது. அதுவரை நகைக்குக் கட்டிய வட்டி மட்டும் 23,000. அதை யாரும் தரவில்லை.

மருத்துவமனையில் யாராவது 'எத்தனை வருஷமாக' என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். தேதி தெரிந்தால் தேதியைச் சொல்லுங்கள். அவர் என்ன எழுதினார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து:

அக்கா, எங்கள் கதையில் கம்பெனி மேல் தப்பில்லை. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பாலிசி எடுத்து 14 மாதம்தான் ஆகியிருந்தது. பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று இதற்கெல்லாம் எங்கள் பாலிசியில் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை. தனியார் மருத்துவமனையில் 90,000 சொன்னார்கள், முன்பணம் 40,000 கட்டுங்கள் என்றார்கள். வட்டிக்கு வாங்கக் கிளம்பினேன்.

போகிற வழியில் ஸ்டாண்டில் ஒரு அண்ணன் நிறுத்தி, முதலமைச்சர் காப்பீடு அட்டை இருக்கா என்றார். இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸ் கவுண்டரில் குடும்பத்தோடு போய்ப் போட்டோ எடுத்தோம். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை. அரசு இராசாசி மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். வரிசை இருந்தது, இரண்டு வாரம் காத்திருந்தோம், அம்மாவுக்கு வலி பொறுக்கக்கூடியதாக இருந்ததால் முடிந்தது. எங்கள் செலவு சாப்பாடும் ஆட்டோவும்தான். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதையும் விசாரித்துவிடுங்கள்.

சென்னை, பெரம்பூரிலிருந்து:

முழுசாக மறுக்கவில்லை, பாதியாக வெட்டினார்கள். மூன்று லட்ச பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000. காலியாக இருந்தது 6,000 ரூபாய் அறை என்பதால் அதை எடுத்தோம். வாடகையில் பாதி போகும் என்று நினைத்தால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் என்று எல்லாவற்றிலும் பாதியைக் கழித்துவிட்டார்கள். ஆனால் மருந்து, உள்ளே வைக்கும் பிளேட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றில் அந்த விகிதத்தில் கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (IRDAI) விதியே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன், 38,000 திரும்பி வந்தது.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

எனக்கு ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டம். குடல்வால் வெடித்து நள்ளிரவில் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்று மறுத்துவிட்டார்கள். மகன் 1,40,000 கட்டினான். நோயாளிக்கு அந்த நேரத்தில் பட்டியல் பார்க்க முடியுமா? பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வுபெற்றவரின் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சிவகாந்த் ஜா வழக்கில் சொல்லியிருக்கிறது. அது மத்திய அரசு ஓய்வூதியர் வழக்கு. ஆனாலும் அதை மேற்கோள் காட்டி மாவட்ட அளவில் மனுக் கொடுத்தேன். ஒன்பது மாதம் நடந்து ஒரு பகுதி கிடைத்தது. அவசரம் என்று மருத்துவர் எழுதிய சான்றுதான் என் மனுவுக்கு உயிர். சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து:

எல்லாரும் கொஞ்சமாவது வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு பைசா வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை ஏஜென்டிடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டே, "அதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறும் தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ். அப்பா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் கழித்துக் காலில் புண் ஆறாமல் ஆபரேஷன், 2,10,000. சர்க்கரை இல்லை என்று ஃபார்மில் எழுதியிருக்கிறது என்று மறுத்தார்கள். மறுபடி எழுதினேன், குறைதீர்ப்பு அதிகாரியும் இல்லை என்றார். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. வண்டியை விற்றேன், மீதிக் கடன் இன்னும் போகிறது. அப்பா தன் காலைப் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை.

ஈரோட்டிலிருந்து:

தம்பி, அந்தக் கடைசிக் கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?

திருச்சியிலிருந்து:

சென்ற ஜனவரி 27.

ஈரோட்டிலிருந்து:

அப்படியானால் இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அந்தப் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் வழக்கு என்னுடையதைவிடக் கஷ்டம். ஆனால் ஏஜென்டிடம் சொன்னதை நீங்கள் இதுவரை எங்கேயும் எழுத்தில் வைக்கவில்லை. இன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள்: அப்பா கையெழுத்துப் போட்ட ஃபார்மின் நகல் வேண்டும், பாலிசி தருமுன் போனில் பேசியிருந்தால் அந்தப் பதிவும் வேண்டும் என்று கேளுங்கள். ஃபார்மில் யாருடைய கையெழுத்தில் 'இல்லை' என்று இருக்கிறது என்று பாருங்கள். திண்ணையில் அன்று வேறு யார் இருந்தார்கள்? அம்மா இருந்தார்களா? காபி கொண்டுவந்தது யார்? அவர்கள் பேரையும் நாளையும் எழுதி வையுங்கள். நகல் வந்ததும் சொல்லுங்கள், மனுவை நாம் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம். என்னுடைய மனுவின் பிரதி இருக்கிறது, அதையும் அனுப்புகிறேன்.