வைட்டமின் சி சீரம் வியர்வையில் போய்விடுமா?

செம்பூர் மீனா:
காலையில் 15 சதவீத வைட்டமின் சி சீரம் பூசிக்கொண்டு மும்பை லோக்கல் ரயிலில் ஏறுகிறேன். சிஎஸ்டி ஸ்டேஷனில் இறங்குவதற்குள் முகமெல்லாம் வியர்வை. சீரமும் அதோடு வழிந்துவிடுமா? பாட்டில் வேறு மஞ்சளாகி வருகிறது. அம்மா, “ஏன் காசைக் கரைக்கிறே” என்கிறார்.

சயான் கெமிஸ்ட்:
உள்ளே போனது வியர்வையில் வராதும்மா. அமெரிக்கத் தோல் மருத்துவர் பின்னெலின் குழு 2001-இல் பன்றித் தோலில் சோதித்தது: அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, தோலுக்குள் இறங்க சீரத்தின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூலக்கூறு மின்னேற்றம் பெற்று மேலடுக்கிலேயே நின்றுவிடும். 20 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் பலன் இல்லை. தினமும் பூசினால் மூன்று நாளில் தோல் நிறைந்துவிடும். நிறுத்தினாலும் தோலுக்குள் இருப்பது பாதியாகக் குறைய சுமார் 4 நாள் ஆகும். இவ்வளவு முக்கியமான பிஹெச்சைப் பல லேபிள்களில் போடுவதே இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.
மஞ்சள் என்பது ஆக்சிஜன் பட்டதன் அடையாளம். பழுப்பானால் தூக்கிப் போடுங்கள்.

தாராவி வாசு:
அடுத்த முறை வைட்டமின் இ, ஃபெருலிக் அமிலம் சேர்ந்ததாக வாங்குங்க. சீக்கிரம் கெடாது.

செம்பூர் மீனா:
சரி அண்ணா. இப்போதைக்கு வெளிர் மஞ்சள்தான், ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். சன்ஸ்கிரீனையாவது மறுபடி பூசணுமா?

சயான் கெமிஸ்ட்:
கட்டாயம். அது தோலின் மேலேயே நிற்க வேண்டியது. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.