ராவிலெ என்றால் ராத்திரி இல்லையாம்!

செங்கோட்டையில் இருக்கிறோம், அம்மாவுக்கு இதய வைத்தியம் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில். கால் வீக்கத்துக்கு லாசிக்ஸ் 40 (சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை) எழுதினார்கள். மருந்துக்கடையில் "ராவிலெ ஒந்நு" என்றிருக்கிறார்கள். மலையாளத்தில் அது காலை. அம்மா 'ராவுல' என்று நினைத்து ராத்திரி 10 மணிக்குப் போட்டுவிட்டு, விடிய விடிய பாத்ரூமுக்கு நடந்தார். லாசிக்ஸ் என்ற பெயரே 'லாஸ்ட்ஸ் சிக்ஸ்', அதாவது 6 மணி நேரம் வேலை செய்யும் என்பதிலிருந்து வந்ததாம். (பக்கத்து வீட்டு அக்கா கண் ஆபரேஷனா என்று கேட்டார். அது லேசிக்!)

சரி, இப்போது புதுச் சீட்டில் லாசிலாக்டோன் 50 இருக்கிறது. அதிலும் 20 மில்லிகிராம் ஃபுரோசமைடு (லாசிக்ஸில் இருக்கும் அதே மருந்து) உண்டு, கூடவே பொட்டாசியம் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்பைரனோலாக்டோன். பழையதை நிறுத்தச் சொன்னார்களா என்று அம்மாவுக்கு நினைவில்லை. டாக்டரைத் திங்கட்கிழமைதான் பிடிக்க முடியும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது உண்டா? நர்ஸ், பார்மசிஸ்ட் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.